பம்ப் அடிக்குதுங்களா, அண்ணா?

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது வந்து நின்றால் உடனே பானெட்டைத் திறக்காதீர்கள். சாவியை வாங்கி நீங்களே முறுக்கிப் பார்க்கவும் வேண்டாம். தினமும் அந்த வண்டியை எடுக்கிறவர் யாரோ அவரையே உட்காரவைத்து, எப்போதும் எடுக்கிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நில்லுங்கள். இந்தச் சும்மா நிற்கிற வேலை நம் தொழிலில் யாருக்கும் பிடிப்பதில்லை. கை அரிக்கும். வண்டிக்காரர் வேறு, வேடிக்கை பார்க்கவா உன்னைக் கூப்பிட்டேன் என்று முறைப்பார். முறைத்துவிட்டுப் போகட்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் படிப்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் ஒர்க்ஷாப்பில் சொன்னார்கள். ஒயரிங் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உங்கள் பாடப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். அதில் என்னைவிட நன்றாகவே போட்டிருக்கிறார்கள். ஆகவே அதை விட்டுவிட்டு ஒரு எஸ்டேட் வேனைப் பற்றிச் சொல்கிறேன். அதில் ஒயரும் வரும், மனிதர்களும் வருவார்கள். மனிதர்கள் பற்றி உங்கள் புத்தகத்தில் ஒரு பக்கமும் இல்லை.

எண்பதுகளில் நான் ஏற்காட்டில் கார் எலக்ட்ரீசியனாக இருந்தேன். ஏரிக்குப் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. பேட்டரி, டைனமோ, செல்ஃப், ஹாரன் எல்லாம் நான்தான். எல்லோரும் என்னைப் பேட்டரிக்காரன் என்பார்கள். நாக்கு எனக்குக் கொஞ்சம் நீளம். அவனிடம் வண்டியைக் கொடுத்தால் ரிப்பேரோடு திட்டும் சேர்ந்து கிடைக்கும் என்று ஊரில் பேச்சு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தில் என் பிழைப்பில் மண்ணைப் போட்டது எங்கள் மலைச் சரிவுதான். மலையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் வந்தால் வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டு, டயருக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்பார்கள். காலையில் சாவியைப் போட்டு, கல்லை எடுத்து, பிரேக்கை விட்டால் வண்டி தானாக உருளும். நாலு மரம் தாண்டியதும் செகண்ட் கியரில் கிளச்சை விட்டால் எஞ்சின் எடுத்துக்கொள்ளும். எஞ்சினைச் சுற்றிவிட செல்ஃப் என்ற ஒன்று வண்டியில் இருப்பதையே மறந்த குடும்பங்கள் மலையில் உண்டு. பேட்டரி செத்தால்தான் என்ன, பள்ளம் சாகாது என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். அதன் முதலாளி ஓர் அம்மா. வீட்டுக்காரர் தவறிய பிறகு தானே நின்று தோட்டத்தைப் பார்த்தவர். சேலத்திலிருந்த சொந்தக்காரர்கள் விற்றுவிடு, விற்றுவிடு என்று நச்சரித்தபோது, காது கொடுக்காமல் முட்டுக்கால் அளவு பூட்ஸ் போட்டுக்கொண்டு மிளகுக்கொடிக்கு நடுவே நின்றவர். தோட்டத்தில் பழைய பெட்ரோல் வேன் ஒன்று இருந்தது. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருக்கும் பிள்ளைகளைக் காலையில் ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும், சாயங்காலம் கூட்டிவருவதும் அதன் முக்கியமான வேலை. அந்த அம்மாவே ஏற்படுத்திய வழக்கம் அது. பிள்ளைகள் நடந்து போனால் மழைக்காலம் பூராவும் படிப்பு நின்றுபோகும்.

வேனை ஓட்டியவர் அந்தோணி அண்ணன். அம்மாவின் வீட்டுக்காரர் இருந்த காலத்திலிருந்தே அங்கே டிரைவர். தலை முழுக்க நரைத்திருக்கும், ஆனால் காக்கிச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. வண்டியை ஒரு கீறல் இல்லாமல் வைத்திருப்பார். லைனுக்கு அப்பால் ஒரு தனி வீடு கொடுத்திருந்தார்கள். அவரும் மனைவி செசிலி அக்காவும் அதில் இருந்தார்கள். எஸ்டேட் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. வேலை இருக்கிறவரைதான் வீடு. வேலை போன மாதமே சாமானை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். எந்தத் தோட்டமானாலும் அதுதான் சட்டம்.

ஒரு வருஷம் அம்மா வேனுக்குச் சேலத்தில் புது பெயின்ட் அடித்து வாங்கினார். மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று காப்பி காயவைக்கிற களத்துக்குப் பக்கத்தில், நல்ல சமதளத்தில், ஒரு ஷெட்டும் போட்டார். அதுவரை அந்த வேன் பங்களா வாசல் சரிவில் மூக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற வண்டி. ஷெட்டுக்குள் போன மறுநாளிலிருந்து காலையில் எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. செல்ஃப் கறகறவென்று சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பேட்டரி மூச்சு வாங்கும். பிறகு போனால் போகிறது என்று ஒரு இருமல் இருமி எடுக்கும். அதற்குள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்திருப்பார்கள்.

ஷெட்டு ராசியில்லை என்று தோட்டத்தில் பேச்சு கிளம்பியது. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒரு திருஷ்டிப் பூசணியைக் கொண்டுவந்து வாசலில் கட்டினார். அந்தோணி அண்ணன் தன் பங்குக்கு உள்ளே ஒரு மாதா படம் மாட்டினார். சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் பேட்டரியை மாற்றினார், இன்னொருவர் செல்ஃபை மாற்றினார். இப்படிக் கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றி மாற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். உங்களில் யாராவது அப்படிச் செய்தால் என் முன்னால் வந்துவிடாதீர்கள்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன், சாவியைப் போட்டேன், செல்ஃபை இழுத்தேன், வண்டி எடுத்துவிட்டது. பெட்ரோல் பம்ப்பின் பாயின்ட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் மறுபடியும் ஆள் வந்தது. மறுபடியும் போனேன். என் கைக்கு மறுபடியும் நல்ல பிள்ளையாக எடுத்தது. அந்தோணி அண்ணன் பக்கத்தில் நின்று, "உனக்கு எடுக்குது சாமி, என்னக் கண்டா மட்டும் பிகு பண்ணுது" என்று சிரித்தார். சிரிப்பில் உயிர் இல்லை.

இங்கே அந்த பம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய வண்டிகளில் பம்ப் டேங்கிக்குள் முங்கிக் கிடக்கிறது, அது வேலை செய்வதே காதில் விழாது. அந்த வேனில் கரன்ட் பம்ப் பானெட்டுக்குள்ளேயே இருந்தது. சாவி போட்டதும் டக் டக் டக் என்று அடித்து கார்புரேட்டருக்கு பெட்ரோல் ஏற்றும். நிரம்பியதும் தானாகச் சத்தம் நின்றுவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி என்றால், அந்தச் சத்தம் நிற்கும்வரை பொறுத்திருந்து அதன் பிறகே செல்ஃபை இழுக்க வேண்டும். சரிவில் உருட்டி எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. உருள்கிற நேரத்திலேயே பம்ப் தன் வேலையை முடித்துவிடும்.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது காலையிலேயே போனேன். பனி இறங்கிக் களம் முழுக்க ஈரமாக இருந்தது. யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் ஷெட்டு வாசலில் பையும் தூக்குச்சட்டியுமாக நின்றார்கள். அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, இன்னிக்கும் சரியாவலீன்னா நான் இந்த வண்டியக் குடுத்துடப் போறேனுங்க. சேலத்துல ஒருத்தர் கேட்டுட்டே இருக்கறாரு."

"அப்ப அண்ணன் என்னங்கம்மா பண்ணுவாரு?"

"வண்டி இல்லாத எடத்துல டிரைவர் எதுக்குங்க? பேசி அனுப்பி வெச்சுடலாம்னு இருக்கறேன். அவரும் இப்பெல்லாம் முன்ன மாதிரி இல்லீங்க." அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நொம்ப மாறிட்டாருங்க."

அவர் இதைச் சொல்லும்போது அந்தோணி அண்ணன் பத்தடி தள்ளி வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. மானஸ்தன், காதில் விழாத மாதிரி இருக்கிறார் என்று நான் நினைத்தேன். எனக்கே கூசிப் போயிற்று.

அன்றைக்குத்தான் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எடுக்கச் சொல்லிக் கையால் ஜாடை காட்டினேன். அண்ணன் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார், போட்ட கையோடு செல்ஃபை இழுத்தார். பம்ப் இரண்டு தரம் சோம்பலாக டக், டக் என்றது. அதற்குள் செல்ஃப் கறகறவென்று ஆரம்பித்துவிட்டது. கார்புரேட்டரில் சொட்டு பெட்ரோல் இல்லாதபோது எந்த எஞ்சின் எடுக்கும்?

பக்கத்தில் போய்க் கேட்டேன். "ஏனுங்கண்ணா, பம்ப் சத்தம் நிக்கறதுக்கு முன்னாலயே இழுக்கறீங்களே?"

"இல்ல கண்ணு, நின்னதுக்கப்புறந்தான இழுத்தேன்!"

எனக்குக் கோபம் வந்தது. வாழ்நாள் பூராவும் வண்டி ஓட்டியவர் இப்படிச் சாதிக்கிறாரே என்று. சரி, முதலில் பம்ப்பின் சோம்பலைப் பார்ப்போம் என்று பானெட்டுக்குள் குனிந்தேன். பம்ப்புக்கு வருகிற ஒயரைக் கழற்றி டெஸ்ட் லாம்ப்பைத் தொட்டுப் பார்த்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கரன்ட் ஒழுங்காக வருகிறது. அப்படியானால் கோளாறு எர்த் பக்கம், கரன்ட் பாடிக்குத் திரும்புகிற வழியில், இருக்க வேண்டும். யோசித்துக்கொண்டே பக்கவாட்டில் தலையை நீட்டி, நாம் எல்லோரும் சீட்டில் இருப்பவரைக் கேட்கிற வழக்கமான கேள்வியை வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"பம்ப் அடிக்குதுங்களா, அண்ணா?"

"அடிக்குது சாமி. ஜோரா அடிக்குது!"

கேட்ட பிறகுதான் கவனித்தேன். கழற்றிய ஒயர் இன்னும் என் கையிலேயே இருந்தது.

பம்ப் செத்துக் கிடக்கிறது, அண்ணன் ஜோராக அடிக்கிறது என்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து நான் என்ன சொல்லப் போகிறேன் என்று, பரீட்சைத்தாள் வாங்கப் போகிற பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. அம்மா பேசியதற்கு ஏன் திரும்பவில்லை என்பதும், ஏன் காத்திருக்காமல் இழுக்கிறார் என்பதும் சேர்ந்தே விளங்கியது.

"என்ன தம்பி, எதாவது தெரிஞ்சுதுங்களா?" அம்மா பின்னால் வந்து நின்றார்.

"பாத்துட்டே இருக்கறனுங்கம்மா" என்று மறுபடியும் தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். முகத்தை மறைக்க அதைவிட நல்ல இடம் அப்போது கிடைக்கவில்லை.

எர்த் ஒயரைத் தேடினேன். பம்ப்பிலிருந்து வந்து பாடியில் ஒரு நட்டில் மாட்டியிருந்தது. பெயின்ட் அடித்த புண்ணியவான் பாடி முழுக்க, நட்டு உட்காருகிற இடத்தையும் விடாமல், பச்சைப் பெயின்ட்டை வஞ்சனையில்லாமல் பூசிவிட்டு, அதற்கு மேல் ஒயரை வைத்து முறுக்கியிருந்தார். பெயின்ட்டுக்கு நடுவில் கரன்ட் எப்படிப் போகும்? ஏதோ நட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது. செல்ஃப் வேறு இழுத்தால் அதுவும் இல்லை. உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை சுரண்டி மாட்டினேன். சாவி போடச் சொல்லிக் கை காட்டினேன். பம்ப் படபடவென்று அடித்தது. அண்ணன் வழக்கம்போலக் காத்திருக்காமல் இழுத்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, எஞ்சின் எடுத்துவிட்டது. ஸ்டியரிங் அதிர்வது கையில் தெரிந்ததும் அவர் செல்ஃபை விட்டார். அதையும் அன்றைக்குத்தான் நான் கவனித்தேன்.

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அம்மா முகம் மலர்ந்தது. "அப்பாடி! ஒரு வழியா முடிஞ்சுதுங்க. ஏறுங்க கண்ணுகளா, நேரமாச்சு" என்றார். பிள்ளைகள் திபுதிபுவென்று ஏற ஆரம்பித்தார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, என் தொழிலில் நான் பட்ட பெரிய சங்கடம் அந்த ஒரு நிமிடம்தான். சரிவில் நின்ற காலத்தில் சரிவு அவர் காதை மூடி மறைத்தது. சமதளத்துக்கு வந்ததும் கெட்ட எர்த் அதைக் காட்டிக்கொடுத்தது. இப்போது அந்த எர்த்தை நானே சரிசெய்துவிட்டேன். இனிமேல் அவர் காத்திருக்காமல் இழுத்தாலும் வண்டி எடுக்கும். அவருக்குக் காது கேட்காது என்பது இனி யாருக்கும் தெரிய வழியே இல்லை. வேலையும் தப்பும், வீடும் தப்பும். நான் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினால் போதும்.

ஆனால் எங்கள் ரோடு எப்படி என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே வருகிற வண்டி கண்ணில் படாத வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டு, பதில் ஹாரன் வருகிறதா என்று காது கொடுத்துத்தான் திரும்புவோம். கண்ணை நம்பி ஓட்டுகிற ரோடு இல்லை அது. வேனுக்குள் எத்தனை பிள்ளைகள்! ஒரு சின்னப் பெண் முன் சீட்டில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, போலாமா தாத்தா என்று அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் அங்கேயே சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்கு முன்னால், ரைட்டருக்கு முன்னால், களத்து வேலைக்கு வந்த பெண்களுக்கு முன்னால். அப்படிச் சொல்ல என் நீளமான நாக்கு அன்றைக்கு எழவில்லை. சொல்லாமல் அவர் கையில் பிள்ளைகளைக் கொடுத்து அனுப்பவும் மனசு வரவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"அண்ணா, இன்னிக்கு நான் ஓட்டறனுங்க. லோடுல எப்பிடிப் போவுதுன்னு பாக்கோணும்" என்று அவர் முகத்துக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

"என்ற வண்டிய நீ ஓட்டறயா?" அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "செரி, கிளச்ச மெதுவா உடு சாமி. குழந்தைங்க இருக்கறாங்க." நகர்ந்து உட்கார்ந்து, சின்னப் பெண்ணைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அப்படித்தான் கிளம்பினோம். பிள்ளைகள் பின்னால் ஏதோ ஒரு கணக்கு டீச்சரைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் என் காலையும் கையையும் கவனித்துக்கொண்டே வந்தார். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் கால் தானாகக் கீழே அழுந்தியது. பாதி வழியில் ஒரு வளைவு. பெரிய பலா மரம் ரோட்டை மறைத்துக்கொண்டு நிற்கும் இடம். நான் ஹாரன் அடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து நீளமாகப் பதில் வந்தது, லாரி ஹாரன். நான் வண்டியைப் பாறைப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன்.

"ஏங்கண்ணு நிறுத்தீட்ட?" என்றார் அண்ணன்.

நான் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி இன்னொரு தரம் அடித்தது. பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். அண்ணன் பானெட்டைப் பார்த்தார், கேஜைப் பார்த்தார். "மறுபடியும் பம்ப்பா?" என்று கேட்டார்.

கேட்டு வாய் மூடுவதற்குள் வளைவில் விறகு லாரியின் மூக்கு வந்தது. ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு, எங்களை உரசுகிற மாதிரி மெதுவாக ஏறிப் போனது. லாரி டிரைவர் கையைத் தூக்கிக் காட்டினார். பிள்ளைகள் பதிலுக்குக் கை ஆட்டினார்கள்.

அண்ணன் லாரி போவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரை அப்போது பார்த்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மடியில் இருந்த பெண்ணை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "தாத்தா, வலிக்குது" என்று அவள் நெளிந்தாள். அது அவருக்குக் கேட்கவில்லை. நான் அவர் கையைத் தொட்டுக் காட்டினேன், உடனே விட்டுவிட்டார். நான் மறுபடியும் கியர் போட்டு, பள்ளிக்கூடத்தில் போய் நிறுத்தினேன்.

பிள்ளைகள் இறங்கும்போது ஒவ்வொன்றின் தலையையும் தொட்டு இறக்கிவிடுவது அவர் வழக்கம். அன்றைக்கும் அப்படியே செய்தார். பிறகு வண்டிக்குள் வந்து உட்கார்ந்து, தானே கண்ணாடிகளை ஏற்றினார். பக்கத்தில் இருந்து கத்தினால் அவருக்குக் கொஞ்சம் கேட்டது; ரகசியம் பேசவே கத்த வேண்டியிருந்தது, அதனால்தான். பனிக்கு மூடிய வண்டிக்குள் கத்திக் கத்திப் பேசினோம். கண்ணாடி எல்லாம் ஆவி படிந்துவிட்டது.

"எத்தன நாளாங்கண்ணா?"

"கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு கண்ணு. மொதல்ல மாதா கோயில் மணி கேக்கல. மணியடிக்கறவன் சோம்பேறி ஆயிட்டான்னு நெனச்சேன்." சிரித்தார். இந்த முறை உயிருள்ள சிரிப்பு. "செசிலிக்கு மட்டுந்தான் தெரியும். காப்பிப் பழத்த எடுத்து முதுகுல எறிஞ்சுதான் என்னக் கூப்புடுவா. நல்லாக் குறி பாப்பா."

நானும் சிரித்துவிட்டேன்.

"நான் வளைவுல நின்னு நின்னுதான் போவேன் சாமி. ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் ஆவ உட்டதில்ல."

"ஆனதில்லீங்க. இனிமே ஆவாதுன்னு சொல்லுவீங்களா?"

அவர் விரலால் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்து வெளியே பார்த்தார். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அம்மாகிட்டச் சொல்லப் போறயா?"

"நான் சொல்லமாட்டனுங்க. நீங்க சொல்லோணும். நீங்க சொல்ற வரைக்கும் குழந்தைங்கள நானே வந்து கொண்டுபோய் உடறேன். கடை கெடக்குது போங்க."

"சொன்னா ஊடு போயிடும் கண்ணு. செசிலிக்கு முழங்கால் வலி. அவளக் கூட்டிட்டு எங்க போவேன்?"

எனக்கு அப்போது கல்யாணமாகிச் சில வருஷம்தான், வாடகைக்கு இருந்தேன். ஒரு வயதான மனிதரின் தலைக்கு மேல் இருக்கிற கூரையை நான் பிரிக்கப் போகிறேனோ என்று இருந்தது. இருந்தாலும் முன் சீட்டுப் பெண்ணின் தூக்குச்சட்டி கண்ணை விட்டுப் போகவில்லை. திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டினேன். பலாமர வளைவில் நிறுத்தினேன். இந்தத் தடவை எதிரே ஒன்றும் இல்லை. அண்ணன், "என்ன வருது?" என்று என்னைக் கேட்டார். ஒன்றும் இல்லை என்று கையை விரித்தேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் அவர் முடிவு செய்திருக்க வேண்டும்.

எஸ்டேட்டில் நல்ல வெயில் வந்திருந்தது. களத்தில் பெண்கள் காப்பியைப் பலகையால் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பங்களாப் படியில் நின்றபடி, "எப்பிடிங்க போவுது வண்டி?" என்று கேட்டார்.

அண்ணன் நேராகப் போய்ப் படிக்குக் கீழே நின்றார். நான் பின்னால் நின்றேன். அவருக்காக நானே சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

"அம்மா, வண்டியில ஒரு கோளாறு இருந்துச்சுங்க. தம்பி பாத்து சரிபண்ணீட்டாரு." அண்ணன் காக்கித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இன்னொரு கோளாறு எங்கிட்ட இருக்குதுங்க. அத இவரால சரிபண்ண முடியாதுங்க. எனக்குக் காது கேக்கறதில்லீங்கம்மா. சுத்தமாக் கேக்கறதில்லீங்க. நான் குழந்தைங்கள ஏத்தக் கூடாதுங்க."

அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். இத்தனை நாள் பிள்ளைகளை எப்படி ஏற்றினாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கிற உரிமை அம்மாவுக்கு இருந்தது. ஆனால் அவர் மெல்ல, தனக்குத்தானே பேசுவதுபோலப் பேசினார்.

"நான் கூப்புட்டாத் திரும்பாமப் போறீங்க. சொன்னதுக்குப் பதில் சொல்றதில்ல. அவரு போனதுக்கப்புறம் ஒரு பொம்பள சொல்லி நாம என்ன கேக்கறதுன்னு எளக்காரமா நெனச்சுட்டீங்கன்னு, நான் இத்தன நாளா மனசுக்குள்ள வெச்சுப் புழுங்கீட்டு இருந்தேனுங்க."

அண்ணன் அவர் உதடு அசைவதைப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் பிடிபடவில்லை. என்ன சொல்கிறார் என்று என் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. வேலையை விட்டுப் போ என்று சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்திருப்பார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கி வந்தார். அண்ணனுக்கு முன்னால், ஒரு முழ தூரத்தில் வந்து நின்றார். அந்த வீட்டில் யாரும் அவர் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. அன்றைக்கு அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"எம்மேல கோவம்னு நெனச்சுட்டனுங்க!"

அண்ணன் திகைத்துப்போனார். "கோவமா? உங்க மேலயா? ஐயோ, இல்லீங்கம்மா."

"வண்டிய வேற ஆள் ஓட்டட்டும்! நீங்க களத்தப் பாத்துக்கங்க! ஊட்ட உட்டு எங்கயும் போகக் கூடாது! அது உங்க ஊடுங்க! கேக்குதுங்களா?"

களத்தில் காப்பி தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பலகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ரைட்டர் ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டினார். அம்மாவுக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். அவ்வளவு பேர் பார்ப்பது அவருக்குக் கூச்சமாகிவிட்டது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்குப் புத்தி சொல்வது போலச் சொன்னார்.

"மெதுவாப் பேசுங்கம்மா. எல்லாரும் பாக்கறாங்க."